நாளைக்கு மழை பெஞ்சா ஸ்பானிஷ்ல எந்தக் காலம்?

கேள்வி: ரெண்டு மாசமா ஸ்பானிஷ் கத்துக்கறேன். ஒரே வினைச்சொல் நிகழ்காலத்துலயே ஆறு விதமா மாறுது, மண்டை காயுது. இதுல 'நாளைக்கு மழை பெஞ்சா வெளிய போகமாட்டேன்'னு எழுதறப்போ, மழை நாளைக்குத்தானேன்னு எதிர்காலம் போட்டேன், டீச்சர் தப்புன்னுட்டாங்க. ஏன்?

பதில்: அந்த ஆறு விதத்தையும் பொறந்ததுலேர்ந்து நீங்க பண்ணிட்டுதான் இருக்கீங்க. பேசறேன், பேசறே, பேசறோம்னாலே யாருன்னு தெரிஞ்சுடுதுல்ல, அதே கதைதான் அங்கயும். ஆப்லார்னா பேசறது, கடைசி 'ஆர்' போயிட்டு ஆப்லோ (பேசறேன்), ஆப்லாஸ் (பேசறே), ஆப்லா (பேசறான், பேசறா), ஆப்லாமோஸ் (பேசறோம்), ஆப்லான் (பேசறாங்க). சும்மா சும்மா முன்னாடி 'யோ' சேத்தா 'நானாக்கும் பேசறேன்'னு சொல்ற மாதிரி இருக்கும். மிச்சம் இருக்கறது ஆப்லாயிஸ், 'நீங்கல்லாம் பேசறீங்க', அது ஸ்பெயின்லதான், லத்தீன் அமெரிக்காவுல பேச்சுல கிடையாது, அந்தப் பக்கம் போறவங்களுக்கு ஒண்ணு மிச்சம். பொதேர் மாதிரி சிலது நடுவுல உடையும், 'என்னால முடியும்'னா புவேதோ, 'நம்மால முடியும்'னா பொதேமோஸ், இதெல்லாம் மனப்பாடம்தான்.

சரி, மழை. 'பெஞ்சுது'வும் 'பெஞ்சா'வும் பக்கத்துல வச்சுப் பாருங்க, நாளைக்குப் பெய்யப்போற மழைக்கு நாமளே இறந்தகால உருவத்தத்தான் போடறோம், யாராவது கேள்வி கேட்டோமா? ஸ்பானிஷ்காரங்க நிகழ்காலத்த போடறாங்க: ஸி யுவேவே, நோ ஸால்கோ ('ஸி'தான் நம்ம 'பெஞ்சா'வுல வர்ற 'ஆ', யுவேவேன்னா மழை பெய்யுது, நோ ஸால்கோன்னா வெளிய போகல). எதிர்காலம் வேணும்னா ரெண்டாவது பாதில வச்சுக்கலாம், நோ ஸால்த்ரே.

தமிழ் நம்மள கைவிடற இடம் இதுக்கப்புறம்தான். 'நேரம் இருந்தா போவேன்'ங்கறோம், நிஜமாவே போவோமா, இல்ல நேரமே இல்லாம சும்மா ஏங்கறோமான்னு அந்த வாக்கியத்த மட்டும் வச்சு சொல்ல முடியாது. ஸ்பானிஷ்ல ரெண்டும் வேற வேற. போக வாய்ப்பு இருந்தா 'ஸி தெங்கோ தியெம்போ, வோய்'. வெறும் ஏக்கம்னா 'ஸி துபியேரா தியெம்போ, இரியா'. 'ரியா'ல முடியறது ரெண்டாவது பாதில மட்டும்தான், ஸி பக்கத்துல ஒட்டி 'ஸி தெந்த்ரியா'ன்னு எழுதிடாதீங்க. ஸ்பெயினோட வடக்குல சில இடத்துல அப்படி பேசறது காதுல விழும், ஆனா பரீட்சைல மார்க் போயிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, 'மழை பெய்யுமான்னு தெரியல'ங்கறதுக்கும் அதே ஸிதான், அங்க எதிர்காலம் தாராளமா வரும்: நோ ஸே ஸி யோபெரா.