ஊருக்குப் போகும் நாள் வரும் வரை

(காரைக்குடியிலிருந்து எழுதப்படும் வாசகர் கேள்வி-பதில் பகுதி இது. நகரத்தை விட்டுச் சொந்த ஊர் திரும்ப நினைப்பவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.)

கேள்வி: நானும் என் மனைவியும் சென்னையில் வேலை பார்க்கிறோம். என் அப்பச்சியின் ஊர் தேவகோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘அடுத்த வருடம் போய்விடுவோம்’ என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எப்படியும் காலி செய்யப்போகிற வீடு என்பதால் கட்டில் வாங்கவில்லை. மெத்தையைத் தரையில் விரித்துத்தான் படுக்கிறோம். மாடியில் ஒரு துளசித் தொட்டிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதே எங்கள் பொழுதுபோக்காகிவிட்டது. நாங்கள் செய்வது சரிதானா? (வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: முதலில் கட்டிலை வாங்குங்கள்.

ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு வேற்றூரில் வாழ்வது உங்கள் தலைமுறை கண்டுபிடித்த புதுத் துன்பமன்று. செட்டிநாட்டுக்கு அது பரம்பரைத் தொழில். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் மூன்று வருடக் கணக்கில் கப்பலேறினார்கள். கணக்கு முடிந்தால் ஊர். சில காலம் ஓய்வு. பிறகு மறுபடியும் கப்பல். அங்கே அவர்கள் வாழ்ந்த கிட்டங்கிகளில், அதாவது பலர் சேர்ந்து பயன்படுத்திய கடைக்கூடங்களில், ஒவ்வொருவருக்கும் இருந்தது கணக்குப் பெட்டி வைக்கும் ஒரு பெட்டியடியும் ஒரு பாய் விரிக்கும் இடமும்தான். பகலில் வட்டிக்கடையாக இருந்த அதே இடத்தில் இரவில் படுத்துக்கொண்டார்கள். உங்கள் மெத்தைக்கு இப்படி ஒரு முன்னோர் வழக்கம் இருக்கிறது என்று நீங்கள் வாதிடலாம். ஆனால், மூன்று வருடத்தில் திரும்பப்போகிற அந்த மனிதர்கள்தாம் சிங்கப்பூரில் 1859-இல் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பித் தைப்பூசம் கொண்டாடினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். திரும்பிப் போகிறவனுக்குக் கோயில் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. தான் போனாலும் அடுத்த கணக்குக்கு இன்னொருவன் வருவான் என்பதும், இருக்கிற நாளில் கும்பிட ஒரு சாமி வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. துளசித் தொட்டி அதைவிடப் பெரிய முதலீடு அன்று.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி ஒரு யோசனை. காணொளிகளில் எப்போதும் பெருக்கித் துடைத்த வளவும் (நடுமுற்றமும்) ஆளில்லாத ஊஞ்சலும்தான் தெரியும். அவற்றைப் பார்ப்பதற்குப் பதிலாக, விடுப்பு நாள் ஒன்றில் தரமணிக்குப் போய் வாருங்கள். கோட்டையூரில் இருந்துகொண்டு விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், அவர் 1992-இல் மறைந்த பிறகு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. ஊர்க்காரர் ஒருவருடைய ஓய்வு நேரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை உங்கள் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

அடுத்து, ஊருக்கு வருகிற மாதத்தை மாற்றுங்கள். நீங்கள் தைப் பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும்தான் வருகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் பிற்பகுதியிலிருந்து ஊகிக்கிறேன். அந்த நாட்களில் ஊரே உங்களுக்காகச் சமைத்து வைத்திருக்கும். ஆனி மாதத்தில், ஒரு விசேஷமும் இல்லாத பத்து நாள் வந்து இருங்கள். நீங்களே சமையுங்கள், மின்கட்டணத்தை நீங்களே கட்டுங்கள், ஒழுகும் குழாயைச் சரிசெய்யப் பிளம்பரைத் தேடுங்கள், அவர் சொன்ன நாளில் வராமல் இருப்பதையும் அனுபவியுங்கள். தினமும் மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

கேள்வி: நான் சேலத்தில் பிறந்து பெங்களூரில் வேலை பார்க்கிறவள். கணவருக்குக் காரைக்குடி. வேலையை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது, அவர் துடிக்கிறார். எனக்கு அங்கே பொழுது போகுமா? (வாசகி, பெங்களூர்)

பதில்: முதல் வருடம் போகாது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

நகரத்தில் பொழுதுபோக்கு என்பது நாம் நினைத்த நேரத்தில் போய் வாங்கிக்கொள்வது. இங்கே அது நாள்காட்டியோடு வருகிறது. வரும்போது சேர்ந்துகொள்ளாவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழா பங்குனியில் வரும். நிறைவு நாளில் கூட்டம் கம்பர் அடங்கியதாகச் சொல்லப்படும் நாட்டரசன்கோட்டைக்குப் போகும். கொப்புடையம்மனுக்கு வைகாசியில் செவ்வாய்ப் பெருவிழா. கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்பு; அன்று மாவில் செய்த பிள்ளையாரின் மேல் இருபத்தொரு நூல் கொண்ட திரியை ஏற்றி, சுடரோடு அதை வாயில் போட்டு இழை எடுத்துக்கொள்ளும்போது வீட்டின் கடைசிக் குழந்தைகூடத் தயங்காமல் வாயைத் திறப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. மழைக்காலம் தொடங்கினால் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு நத்தைக்குத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் வந்துவிடும். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடி வேண்டாம் என்று ஓர் ஊர்க் குழந்தைகளைச் சம்மதிக்க வைத்தவர்களிடம் நம்மைப் போன்றவர்கள் பாடம் படிக்கலாம்.

இவற்றுக்கு நடுவே கிடக்கும் வெறும் செவ்வாய்க்கிழமைதான் உங்கள் கேள்வி என்பது எனக்குப் புரிகிறது. ஆண்களுக்கு இங்கே திண்ணையும் டீக்கடையும் உண்டு. பெண்களின் பொழுது இன்னும் பெரும்பாலும் அடுத்த வீட்டு அடுப்படியில்தான் கழிகிறது. ஒரு வீட்டில் சீப்புச்சீடைக்கு மாவு பிசைகிறார்கள் என்றால் நாலு ஆச்சிமார் கூடிவிடுவார்கள். மாவைச் சீப்பின் பல்வரியில் அழுத்தி, விரலைச் சுற்றிக் குழலாக்கி எண்ணெயில் விடுகிற அந்த இரண்டு மணி நேரத்தில் ஊரின் ஒரு மாதச் செய்தி பேசி முடிக்கப்படும். உங்களுக்கு அது பிடிக்கலாம். மூன்றாவது கேள்வியாக ‘விசேஷம் உண்டா’ என்று கேட்பார்கள் என்பதால் பிடிக்காமலும் போகலாம். தனியாக மாலை நடை போகிற பெண்ணை ஊர் முதல் மாதம் முறைக்கும், இரண்டாம் மாதம் ‘எங்கே கிளம்பிட்டிய?’ என்று கேட்கும், மூன்றாம் மாதம் விட்டுவிடும். உங்கள் கணவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவர் துடிப்பது ஊரில் வாழவா, அல்லது அவர் அம்மாவின் சமையலில் வாழவா? இரண்டுக்கும் வேறு வேறு வீட்டு ஏற்பாடு வேண்டும்.

கேள்வி: அங்கே வேலை, பள்ளி, மருத்துவம், போக்குவரத்து எல்லாம் எப்படி? (வாசகர், தாம்பரம்)

பதில்: போதுமான அளவில் இருக்கின்றன. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், 1985-இல் பல்கலைக்கழகமான அழகப்பா கல்வி நிறுவனங்களும் காரைக்குடியை வெறும் பழைய வீடுகளின் ஊராக இருக்கவிடாமல் செய்துவிட்டன. பெரிய சிகிச்சைக்கு மதுரையோ திருச்சியோ போக வேண்டும். இரண்டும் ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர். பல்லவன் விரைவு வண்டியில் விடியற்காலையில் ஏறினால் நண்பகலில் எழும்பூர். வாரம் இரண்டு முறை அலுவலகம் போக வேண்டியவர்கள் வராமல் இருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பதினொரு பங்காளிகள். ஒன்பது பேர் வெளியூரில். வீடு பூட்டியே கிடக்கிறது. நான் போய்க் குடியிருக்க நினைக்கிறேன். அந்த வீட்டில் தினமும் வாழ முடியுமா? (வாசகர், மும்பை)

பதில்: அந்த வீட்டைக் கட்டியவர்களே அதில் தினமும் வாழ்ந்ததில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். கட்டிய காலத்தில் அவர்கள் ரங்கூனில் இருந்தார்கள். முகப்பும் பட்டாலை என்னும் கூடமும் வளவும் நூற்றுக்கணக்கானவர்கள் பந்தியில் உட்காரும் கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும் அளவெடுத்துக் கட்டப்பட்டவை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று என்று, சாமானைப் பூட்டி வைக்கவே பெரிதும் பயன்பட்டன. நாலு பேர் உள்ள குடும்பம் அங்கே போய் முழு வீட்டையும் ஆள நினைத்தால், பெருக்கி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். வளவுக்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டுப் பகுதியில் அடுப்படியை ஒட்டி இரண்டு அறைகளைச் சரிசெய்துகொண்டு வாழ்கிறவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள்.

நான் ஊர் திரும்பியபோது செய்த தவறு இதுதான். பெரிய அறை கிடைத்த மகிழ்ச்சியில் சென்னையிலிருந்து கொண்டுவந்த புத்தகப் பெட்டிகளைக் கிணற்றடிப் பக்கத்து அறையில் தரையிலேயே அடுக்கிவிட்டு, ‘மழை முடியட்டும்’ என்று பூட்டினேன். கார்த்திகையில் திறந்தபோது அட்டைப்பெட்டிகள் பார்வைக்கு அப்படியே இருந்தன. தூக்கியபோது கையோடு மேல்மூடி மட்டும் வந்தது. உள்ளே கரையான் கட்டிய மண்புற்று, அதன் நடுவில் தையல் நூலோடு தொங்கிய சில முதுகட்டைகள். பர்மாத் தேக்கை விட்டுவிட்டுக் காகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அதற்கு ருசி தெரிந்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை ஓட்டு மாற்று. ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு வருடமும் ஆள் ஏற்றி, பூனையும் குரங்கும் நகர்த்திய நாட்டு ஓடுகளைச் சரிசெய்ய வேண்டும். ஒரு வருடம் தவறினால் ஓட்டைத் தாங்கும் சரத்தில் ஈரம் இறங்கும், பிறகு செலவு பல மடங்கு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்கலவை ஊற்றிக் கையால் வார்த்த கல் அது. நடமாட்டத்தாலும் தண்ணீர் போட்டுத் துடைப்பதாலும்தான் அதற்கு மினுமினுப்பு ஏறும்.

பங்காளிகள் விஷயம் ஓட்டைவிடக் கடினம். வாய்மொழிச் சம்மதத்தை நம்பிப் பணம் போடாதீர்கள். யார் பங்கு எது, செப்பனிடும் செலவு யார் கணக்கில், முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மற்றவர்கள் வந்தால் எந்தெந்த அறையைத் திறந்துவிட வேண்டும் என்பதைப் பதினொருவரும் கையெழுத்திட்ட தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்க அலையும் அந்த ஒரு வருடத்தில் உங்களுக்குத் தெரியாத உறவுகள் எல்லாம் தெரிந்துவிடும். கையெழுத்துக் கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைக் குத்துவிளக்கும் கதவு நிலையும் வரிசையாகக் கிடக்கின்றனவே, அவற்றில் பல, பங்காளிகள் பேசி முடிக்காத வீடுகளிலிருந்து வந்தவை என்றே எனக்குத் தோன்றும்.

கேள்வி: எண்பது வயதான என் அப்பத்தா பள்ளத்தூரில் தனியாக இருக்கிறார். அவரோடு வந்து இருக்கிறேன் என்றால், ‘இருக்கிற வேலையை விட்டுட்டு இங்க என்னத்துக்கு வாரிய?’ என்று கோபப்படுகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? (வாசகி, சென்னை அண்ணா நகர்)

பதில்: அவருடைய காலத்தில் ஊரிலேயே தங்கிவிட்டவன் என்றால் தோற்றுப்போனவன் என்று பொருள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்களைப் பற்றிய பேச்சு, அவர் பிள்ளையாக இருந்த வீட்டில் ஓயாமல் நடந்திருக்கும். நல்ல நிலையில் இருக்கிறவர் ஏன் திரும்பி வருகிறார் என்பது அவருக்கு உண்மையாகவே விளங்காது. வேலை போய்விட்டதை மறைக்கிறீர்களோ என்றுகூட நினைக்கலாம். இன்னொன்றும் உண்டு. எட்டு வருடமோ பத்து வருடமோ தனியாக இருந்து தனக்கென்று ஒரு நேர ஒழுங்கை அவர் அமைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் அதைக் கலைக்க வருகிறீர்கள்.

சம்மதம் கேட்காதீர்கள். மடிப்பாக்கத்து வாசகருக்குச் சொன்னதைப் போலப் பத்து நாள் போய் இருங்கள். ஊருக்கு வருவதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம். மாலையில் அவரோடு திண்ணையில் உட்கார்ந்திருங்கள். தெருவில் போகிறவர் யார், யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் கோயில் புள்ளி (எந்தக் குலக்கோயிலைச் சேர்ந்த குடும்பம்) என்று அவரே சொல்லத் தொடங்குவார். அந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிளம்பரும் அதில் இருப்பார்.