மலைக்குப் பின்னால் மறைந்த சூரியன்: நோன்புக் கேள்வி பதில்

ரமழான் மாத நோன்பைப் பற்றி எதையும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். வந்து குவிந்ததில் பாதி பல் துலக்குவது பற்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கம்பளைப் பக்கத்தில் 28 வருடம் இஸ்லாம் பாடம் கற்பித்தவன்; மௌலவி அல்லன். தீர்ப்பு வேண்டுமென்றால் உங்கள் பள்ளிவாசல் ஹஸரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) போங்கள். மருந்து, மாத்திரை என்றால் மருத்துவரிடம் போங்கள். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன் வாசகர்: ஐயா, நான் இந்து. கந்தசஷ்டி விரதம் பிடிப்பவன். எங்களில் பலர் பாலோ பழமோ எடுப்பதுண்டு. பக்கத்துக் கடை நானா ஒரு மாதம் பகலில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உடம்பை இப்படி வருத்துவதில் என்ன பயன்?

வருத்துவதற்காக வைத்தது என்றால் உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பசிதான் நோக்கம் என்றால் வறுமையில் வயிறு காய்ந்தவர்கள் எல்லோரும் ஞானிகளாகியிருக்க வேண்டும். குர்ஆனின் 2ஆவது அத்தியாயம், 183ஆவது வசனம் காரணத்தை ஒரு சொல்லில் வைக்கிறது: தக்வா. இறையச்சம் என்று மொழிபெயர்க்கிறோம். வகுப்பில் பிள்ளைகளுக்கு, ‘ஆள் இல்லாத இடத்திலும் கை நீளாமல் இருப்பது’ என்று சொல்லிக்கொடுப்பேன்.

அந்த நானாவின் கடைப் பின்னறையில் ஒரு குழாய் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மிடறு குடித்தால் யாருக்கும் தெரியாது. உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் பருப்பு நிறுக்கலாம். தொழுவதை ஊர் பார்க்கிறது. ஸக்காத்தை (கட்டாய தர்மத்தை) வாங்குகிறவர் பார்க்கிறார். ஹஜ்ஜுக்குப் போகிறவரை வழியனுப்பவே ஒரு கூட்டம் கூடுகிறது. நோன்பாளியை மட்டும் எவராலும் பரிசோதிக்க முடியாது. ‘நோன்பு எனக்குரியது, நானே அதற்குக் கூலி கொடுப்பேன்’ என்று இறைவன் சொல்வதாக நபிமொழியில் வருவதை இப்படித்தான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. பொய் பேசுவதையும் பொய்யாக நடப்பதையும் விடாதவன் உணவையும் நீரையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை ஏதும் இல்லை என்பதும் நபிமொழிதான். தராசில் விரலை வைத்து லீக்ஸ் நிறுத்துவிட்டு, மாலையில் பேரீச்சம்பழத்தோடு முதல் வரிசையில் உட்காருகிறவரை எனக்குத் தெரியும். அவருக்குப் பசித்தது, அவ்வளவுதான்.

அடுத்த வரியில் நோன்புக் கஞ்சியை நீங்களும் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு ஒரு பாத்திரத்தோடு போங்கள். தேங்காய்ப்பால், இஞ்சி, வெந்தயம், ரம்பை எல்லாம் போட்டது. ஹட்டன் குளிருக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

மாத்தளை: பற்பசையால் பல் துலக்கினால் நோன்பு முறியுமா சேர்?

விழுங்காத வரை முறியாது. விழுங்கினால் முறியும். ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) நண்பகலுக்குப் பிறகு பல் துலக்குவது விரும்பத்தக்கதல்ல. ஸஹரோடு (விடியற்காலைச் சாப்பாட்டோடு) துலக்கிவிடுங்கள்.

வெலிமடை வாசகி: உம்மாவுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் போடுகிறார். ‘நோன்பை விட்டால் பாவம்’ என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

மகள், உம்மாவுக்குக் குர்ஆனின் அதே 2ஆவது அத்தியாயத்தின் 184ஆவது வசனத்தையும் 185ஆவது வசனத்தையும் வாசித்துக் காட்டுங்கள். நோயாளிக்குச் சலுகை கொடுத்துவிட்டு, ‘அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை’ என்கிறது. நோன்பு வைக்கச் சொன்ன இடத்திலேயே விடவும் சொல்லியிருக்கிறது. முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியைத் தள்ளுவது பக்தியல்ல. நாள்பட்ட நோயால் இனி வைக்கவே முடியாது என்றால் ஒரு நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு, அதுதான் பித்யா.

வைக்கலாமா வேண்டாமா என்பதை நான் சொல்லமாட்டேன். ரமழான் பிறக்கச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இன்சுலின் அளவையும் நேரத்தையும் அவர்தான் மாற்ற வேண்டும். அவர் அனுமதித்து வைத்தாலும், பகலில் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். அதனால் நோன்பு முறியாது. 70 mg/dLக்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே நோன்பைத் திறக்கவேண்டும், அதாவது எதையாவது உட்கொண்டு முடித்துவிட வேண்டும். மஃரிபுக்கு (சூரியன் மறையும் நேரத்துக்கு) பத்து நிமிடம்தானே என்று காத்திருக்க விடாதீர்கள்.

கண்டி: வருடா வருடம் நோன்பு ஏன் முன்னால் வருகிறது?

சந்திர வருடத்துக்கு 354 நாள், சில வருடம் 355. ஆகவே சுமார் 10, 11 நாள் முந்தும். சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று தொடங்கும். நமக்கு எந்த மாதமானாலும் 13 மணித்தியாலத்தைச் சுற்றித்தான். ஜூனில் வடக்கு ஐரோப்பாவில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

நாவலப்பிட்டி: பல் துலக்கினால்...

மாத்தளைக்காரருக்குச் சொன்னதுதான்.

இராகலை வாசகர்: எங்கள் லயத்துக்கு மேற்கே பெரிய மலை. ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடுகிறது, பனிமூட்டமும் இறங்கி இருட்டாகிவிடுகிறது. கண்ணால் கண்டதை விட்டு நோன்பு திறக்கும் நேர அட்டவணையை ஏன் பார்க்கவேண்டும்?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மலைக்குப் பின்னால் போன சூரியன் மறைந்த சூரியன் அல்ல. சுவருக்குப் பின்னால் நிற்பவன் ஊரை விட்டுப் போய்விட்டானா? கிழக்கே பாருங்கள். எதிர்மலை உச்சியில் இன்னும் மஞ்சள் வெயில் கிடக்கும். ‘இங்கிருந்து இரவு வந்து, அங்கே பகல் போய், சூரியனும் மறைந்தால் நோன்பாளி நோன்பு திறந்துவிட்டார்’ என்று நபி சொன்னபோது கிழக்கைத்தான் காட்டினார்கள்.

பண்டாரவளை வாசகர் (இடையில்): அப்படியென்றால் வெளிச்சம் முழுதாகப் போகும்வரை இருப்பதுதானே பேணுதல்?

இல்லை, அது அடுத்த கரை. அதே நபிமொழியின் முன்பகுதியைப் பாருங்கள். பயணத்தில் சூரியன் மறைந்ததும் நோன்பு திறப்பதற்காக நபி ஒருவரிடம் மாவு கரைக்கச் சொன்னார்கள். ‘இன்னும் பகலாக இருக்கிறதே’ என்று அவர் தயங்கினார். இறங்கிக் கரைக்கும்படி திரும்பவும் சொன்னார்கள். முந்துவதும் தவறு, பேணுதல் என்ற பெயரில் இழுத்தடிப்பதும் தவறு.

இராகலை வாசகர் (மறுபடியும்): மேல் டிவிஷனில் என் மச்சான் வீடு மலை முகட்டில். நாங்கள் திறந்த பிறகும் அங்கே சூரியன் தெரிகிறதாம்!

தெரியும். 1,868 மீட்டர் உயரத்தில், மேற்கே மறைப்பில்லாமல் அடிவானம் தெரிந்தால், கடல்மட்டத்தில் நிற்பவரைவிடச் சுமார் 5 நிமிடம் பிந்தியே சூரியன் மறையும். அது நுவரெலியாவின் உயரம். நகரமோ மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் கிடக்கிறது. இதற்கு நேர்மாறாக, கொழும்பைவிடக் கிழக்கே இருப்பதால் சூரிய மறைவு சுமார் மூன்றரை நிமிடம் முந்தவும் வேண்டும். ஆகவேதான் சொல்கிறேன், கொழும்பு வானொலி பாங்கைக் கேட்டுத் திறக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் வரும் ஊர்பேர் தெரியாத அட்டவணையையும் நம்பாதீர்கள். உங்கள் வட்டார அட்டவணையைப் பாருங்கள்.

மச்சான் விடயம் புதிதல்ல. அலெக்சாந்திரியாக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்பவனுக்குச் சூரியன் தெரிந்தால் என்ன செய்வது என்று பழைய ஹனஃபி மத்ஹப் நூல்களிலேயே கேள்வி இருக்கிறது. கீழே ஊரார் திறக்கலாம், மேலே நிற்பவன் திறக்கக்கூடாது என்பது பதில். 2011இல் துபாயில் புர்ஜ் கலீஃபாவின் 80ஆவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் 2 நிமிடமும், 150க்கு மேலே 3 நிமிடமும் பொறுக்கச் சொன்னதும் இதே கணக்கில்தான்.

பண்டாரவளை வாசகர்: ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு கணக்கா சேர்? மனம்தானே முக்கியம்?

மனம்தான். பதின்மூன்று மணித்தியாலம் தாங்கிய மனம் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஏன் சாக்குத் தேடுகிறது?

இராகலை வாசகர்: கீழே திறந்துவிட்டு மச்சான் வீட்டுக்கு ஏறினால், அங்கே சூரியனைக் கண்டால்?

அதை உங்கள் ஹஸரத்திடம் கேளுங்கள். மச்சானிடம் கஞ்சியை மூடிவைக்கச் சொல்லுங்கள், ஆறிவிடும்.

பதுளை: சேர், பிரஷ் இல்லாமல் விரலால் பல் துலக்கினால்?

அஸருக்குப் பாங்கு கேட்கிறது. வருகிறேன்.