சிலுவையில் என்ன நடந்தது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நமக்குரிய தண்டனையை இயேசு ஏற்றார் என்பதுதானே எல்லாச் சபைகளின் போதனையும்?

இல்லை. அது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினுக்குப் பிறகு சீர்திருத்தச் சபைகளில் அழுத்தம் பெற்ற விளக்கம். ஆதித் திருச்சபையில் ஓங்கி ஒலித்தது வெற்றிச் செய்தி: கிறிஸ்து மரணத்தையும் பிசாசையும் வென்று நம்மை மீட்டார். சபைகள் பொதுவாக அறிக்கையிடும் நிசேயா விசுவாசப்பிரமாணம் 'நமக்காக' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எப்படி என்று விளக்கவில்லை. எந்த விளக்கத்தை எடுத்தாலும் பிதாவையும் குமாரனையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள்.

கேள்வி: இடைக்கால இறையியலாளர் ஆன்செல்மும் தண்டனையைத்தானே சொன்னார்?

இல்லை. 1098 வாக்கில் எழுதி முடித்த நூலில் அவர் வைத்தது இரண்டு வழி: ஈடு அல்லது தண்டனை. கடவுளுக்குரிய கனத்தை மனிதன் பறித்தான். கிறிஸ்து ஈடு கொடுத்தார், அதனால் தண்டனைக்கு இடமில்லை. கால்வினிடம் அந்தத் தண்டனையே கிறிஸ்துவின் மேல் விழுகிறது.

கேள்வி: மீட்கும்பொருள் யாருக்குக் கொடுக்கப்பட்டது? பிசாசுக்கா?

இயேசு தம் ஜீவனை மீட்கும்பொருளாகக் கொடுக்க வந்தார் என்கிற மாற்கு 10:45 அதைச் சொல்லவில்லை. நான்காம் நூற்றாண்டுத் திருச்சபைத் தந்தையர் இருவரில், நீசா கிரகோரியார் பிசாசுக்கு என்றார். நாசியான்சு கிரகோரியார் அதைக் கடுமையாக மறுத்தார்.

கேள்வி: 'கிருபாதாரபலி' என்றால் கோபத்தைத் தணிக்கும் பலி என்கிறேன், பாவத்தை நீக்குவது மட்டுமே என்கிறார் நண்பர். யார் சரி?

நல்ல சண்டை. ரோமர் 3:25-இல் 'கிருபாதாரபலி' என்பதற்குரிய கிரேக்கச் சொல் ஹிலாஸ்டேரியன். எபிரெயர் 9:5-இலும் அதே சொல்தான். அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு 'கிருபாசனம்' என்கிறது. தமிழில் இரண்டு சொல்லானதால் தொடர்பு மறைந்துவிட்டது. கிருபாசனம் என்பது உடன்படிக்கைப் பெட்டியின் மேல்மூடி, பாவநிவிர்த்தி நாளில் இரத்தம் தெளிக்கப்பட்ட இடம். வேத அறிஞர்களில், 1930-களில் டாட் உங்கள் நண்பர் பக்கம் வாதாடினார். 1955-இல் லியோன் மாரிஸ் உங்கள் பக்கம். ரோமர் 1:18-இலேயே தேவகோபம் வந்துவிடுவதால் மாரிஸை ஒதுக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் கோபமாயிருந்த பிதாவை இயேசு சமாதானப்படுத்தினார் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

இல்லவே இல்லை. 'கிருபாதாரபலியாக அவரையே ஏற்படுத்தினார்' என்கிறது அதே ரோமர் 3:25. ஏற்படுத்தியவர் பிதா.

கேள்வி: நீதிபதி குற்றவாளிக்குப் பதிலாகத் தன் மகனைத் தண்டித்த கதையைப் பிரசங்கத்தில் சொல்லலாமா?

இன்று மூன்றாவது முறை இது. சொல்லாதீர்கள். 2 கொரிந்தியர் 5:19 வாசியுங்கள்: தேவனே கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறது அது.

கேள்வி: கிறிஸ்து மரித்தது எல்லாருக்காகவுமா, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு மட்டுமா?

நெதர்லாந்தில் சீர்திருத்தச் சபைகள் கூடிய 1618–19 தோர்ட் சங்கத்தின் விவகாரம் அது. தனியாகப் பேசுவோம்.

கேள்வி: நான் எந்தச் சபையில் சேர?

உங்கள் ஊர் ஆயரிடம் பேசுங்கள்.

கேள்வி: கோபம் பிதாவுக்கு இருந்ததா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

இருந்தது, பாவத்தின்மேல். குமாரன்மேல் அல்ல.