ஏற்றம் மூச்சுக்கு, இறக்கம் தொடைக்கு

அன்புள்ள சார்,

வணக்கம். நான் கணக்கெழுதும் வேலையில் இருப்பவன். நாள் முழுக்க நாற்காலிதான். வயது 41. சென்ற மாதம் நண்பர்களோடு ஒரு மலை ஏறினேன். ஏறும்போது நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். இறங்கும்போது பேசிச் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன், இரைக்கவே இல்லை. அன்றிரவும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் லேசாகப் பிடித்தது. அதற்கு மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். முன்தொடை இரண்டும் கட்டை. ஜிம்முக்குப் போகும் நண்பன் "லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு" என்கிறான். ஏறும்போதுதானே சார் நான் சிரமப்பட்டேன்?

சரி, கால் தசைகளைப் பற்றிப் படிப்போம் என்று ஒரு படத்தை எடுத்துவைத்து உட்கார்ந்தால் பெயர்களைப் பார்த்தே தலை சுற்றியது. பக்கத்தில் மடக்கும் தசை, நீட்டும் தசை என்று ஓர் அட்டவணை. முன்தொடைத் தசையின் வேலை முழங்காலை நீட்டுவதாம். இறங்கும்போது முழங்கால் மடங்கத்தானே செய்கிறது? அப்போது அந்தத் தசைக்கு அங்கே என்ன வேலை?

இன்னொன்று. இரவில் எனக்கு அடிக்கடி கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுக்கும். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உடற்கூறியல் வகுப்பில் பல வருடம் நின்றிருக்கிறேன். அந்த அட்டவணையைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "மடங்கும்போது நீட்டும் தசைக்கு என்ன வேலை" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் படித்த காலத்தில் நானும் கேட்டதில்லை.

பதிலைப் படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நாற்காலிக்கு முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் முன்தொடைகள்மேல் வையுங்கள். இப்போது மனதுக்குள் பத்து எண்ணியபடி, முடிந்தவரை மெதுவாக உட்காருங்கள். ஐந்து, ஆறு எண்ணும்போது கைக்கடியில் தொடை கல்லாக இறுகியிருக்கும். பிட்டம் நாற்காலியைத் தொட்டு எடை இறங்கிய கணத்தில் தலையணை மாதிரி தளர்ந்துவிடும். இத்தனைக்கும் வழி நெடுக முழங்கால் மடங்கிக்கொண்டேதான் வந்தது, அந்தத் தசை நீண்டுகொண்டேதான் போனது. நீண்டுகொண்டிருக்கும்போதுதான் அது இறுகியது.

முழங்காலை மடக்கியது எந்தத் தசையும் அல்ல, உங்கள் எடை. முன்தொடையின் வேலை அந்த எடையை விழவிடாமல் இறக்குவது. கிணற்றில் வாளியை இறக்குவதை நினைத்துப் பாருங்கள். வாளி தானாகத்தான் இறங்குகிறது. கயிற்றை விட்டுவிட்டுப் பிடிக்கிற கைக்குத்தான் வேலை.

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆனால் அந்த இழுப்பு மூன்று விதமாக முடியலாம். எதிரே உள்ள பாரத்தை வென்று தசை குறுகலாம். பாரமும் இழுப்பும் சமமாகி அசையாமல் நிற்கலாம். அல்லது பாரம் பெரிதாக இருந்து, இழுத்துக்கொண்டே நீளலாம். உங்கள் அட்டவணையில் முதல் கதை மட்டும்தான் இருக்கிறது. மேசையில் கிடக்கும் உடலில் ஒரு தசைநாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிற்றை, இழுத்துப் பார்த்தால் எது அசைகிறதோ, அதைத்தான் அது சொல்கிறது. படுத்திருக்கும் உடலுக்கு விழும் பயம் இல்லை. நிற்கிற, நடக்கிற உடலுக்கு ஒவ்வொரு எட்டிலும் உண்டு. எனவே காலில் ஒரு தசையைப் பார்த்தால் "இது எதை அசைக்கும்" என்று கேட்பதைவிட "இது இல்லாவிட்டால் எது சரிந்து விழும்" என்று கேட்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

இனி உங்கள் மலை. 1952-ல் அப்பாட், பிகிலாண்ட், ரிட்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர், பின்னோக்கிச் சுழன்று வரும் மிதிகட்டையைத் தடுத்துத் தடுத்துப் பிடிப்பார். சங்கிலி ஒன்றுதான் என்பதால் இருவர் கால் விசையும் சமம். ஒருவர் தசை குறுகி உழைக்கிறது, மற்றவர் தசை நீண்டு உழைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இருவரும் செலவழித்த ஆக்சிஜனை அளந்தபோது, தடுத்தவர் செலவு மிதித்தவர் செலவில் ஒரு சிறு பங்குதான் இருந்தது. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது தடுக்கும் சைக்கிளில் சிறிய உருவம் கொண்ட பெண்மணி, மிதிக்கும் சைக்கிளில் வாட்டசாட்டமான ஆண். அந்த மனிதர் வியர்த்துக் களைத்தார். அந்த அம்மையார் அலட்டிக்கொள்ளவே இல்லை.

மலையில் ஏறும்போது நீங்கள் அந்த ஆண், இறங்கும்போது அந்தப் பெண்மணி. பேசிச் சிரித்துக்கொண்டு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. நீளும்போது ஒவ்வோர் இழையும் அதிக விசையைத் தாங்கும். அதனால் அதே எடைக்குக் குறைந்த இழைகளே வேலைக்கு வருகின்றன. பத்துப் பேர் தூக்கும் பல்லக்கை ஐந்து பேர் தூக்குகிற மாதிரி. தசை இழைக்குள் சார்கோமியர் என்ற நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோத்திருக்கும், ஒரு மில்லிமீட்டரில் நானூறு, ஐந்நூறு. இறக்கத்தில் ஆயிரக்கணக்கான எட்டுகள் வைத்தபின் அவற்றில் பலமில்லாத சில அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைந்துபோகின்றன. உடம்பு அதைப் பழுதுபார்க்க ஆள் அனுப்புகிறது. அந்தப் பராமரிப்பு வேலையின் வீக்கமும் கூச்சமும்தான் நீங்கள் உணர்ந்த வலி. அது சூடுபிடிக்க நேரம் எடுக்கும், அதனால்தான் இரண்டாம் நாளில் உச்சம்.

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: லாக்டிக் அமிலம் காரணமென்றால் நீங்கள் மூச்சிரைத்து ஏறிய அன்றே, அதுவும் ஏறிய தசைகளில் வலித்திருக்க வேண்டும். அது ஒரு மணி நேரம் போல ஓய்வெடுத்தாலே ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. இரண்டு நாள் தேங்கி நிற்கிற சமாச்சாரம் அல்ல.

அப்புறம் படிக்கட்டு. இறங்கும்போது பாரத்தைச் சுமப்பது கீழ்ப்படியில் வைக்கிற கால் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, மேற்படியில் மிச்சம் நிற்கிற கால். அந்த முழங்கால் மெல்ல மடங்கி மொத்த உடம்பையும் ஒரு படி தாழ்த்துகிறது. காலில் அடிபட்டவர்களுக்கு "ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்" என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான். இரண்டு திசையிலும் உழைப்பு மேல்படிக் காலுக்கு, அது நல்ல காலாக இருக்கட்டும்.

முன்தொடைத் தசை ஒன்றல்ல, நான்கு. க்வாட்ரிசெப்ஸ் என்ற பெயருக்கே நான்கு தலை என்றுதான் பொருள். மூன்று தொடை எலும்பிலிருந்து புறப்படுகின்றன. நான்காவது, நடுவில் ஓடுவது, இடுப்பெலும்பிலிருந்தே வருகிறது. நான்கும் ஒரே தசைநாணாகி, முழங்கால் சில்லைத் தங்களுக்குள் பொதிந்துகொண்டு, சில்லுக்குக் கீழே தடவினால் தட்டுப்படும் எலும்பு மேட்டில் போய் முடிகின்றன. சில்லு சும்மா மூடி மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. தசைநாணை மூட்டிலிருந்து முன்னே தள்ளிப் பிடிக்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், அப்புறம் கைப்பிடிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். சில்லு செய்வது அந்த வித்தியாசத்தைத்தான். செயற்கை முழங்காலுக்குள்ளேயே அளவுகருவி வைத்து அளந்திருக்கிறார்கள். படி இறங்கும்போது மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அதில் பெரும்பங்கு தசைகளின் இழுப்பே.

பின்தொடைக்கு வருவோம். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்னுக்கு இழுத்து, முழங்காலுக்குப் பின்புறம் கைவைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கயிறு புடைத்து நிற்கும். ஹாம்ஸ்ட்ரிங் தசைகளின் நாண்கள் அவை. இவை உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டி முடிவதால் இரண்டு மூட்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முழங்காலை மடக்கி மார்போடு சேர்க்க முடிகிற உங்களால் அதே காலை நீட்டியபடி அவ்வளவு தூரம் தூக்க முடியாதது அதனால்தான். இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் கயிறு கேட்டால் எங்கே போவது? ஓடும்போது முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்கு முந்திய கணத்தில், விசிறிவரும் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியைப் பிடித்து நிறுத்துவது இவைதான். ஓட்டக்காரர்களுக்கு இவை கிழிவதும் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். எனக்கு ஒருமுறை, பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது, பின்தொடையில் யாரோ கல் விட்டெறிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பஸ்ஸும் போய்விட்டது.

அட்டவணைப்படி முன்தொடையும் பின்தொடையும் எதிரிகள். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டிலும் கை வைத்துப் பாருங்கள், இரண்டுமே இறுகும். 1903-ல் லம்பார்ட் என்ற உடலியலாளர் எழுதிய புதிர் இது. பின்தொடைக்கு இடுப்பில் நெம்புகோல் (கதவில் கீலிலிருந்து கைப்பிடி வரை உள்ள தூரம் மாதிரி) நீளம், முழங்காலில் குறைவு. முன்தொடையின் நடுத்தசைக்கு முழங்காலில்தான் நீளம், இடுப்பில் குறைவு. ஆகவே இழுபறியில் இரண்டு மூட்டுமே நிமிர்கின்றன.

இடுப்புக்குப் பக்கவாட்டில் க்ளூட்டியஸ் மீடியஸ் என்று ஒன்று. ஒற்றைக்காலில் நின்று, நிற்கிற பக்க இடுப்பெலும்பு விளிம்புக்குச் சற்றுக் கீழே விரலை அழுத்தினால் அகப்படும். அது விட்டுவிட்டால் தூக்கிய கால் பக்கத்து இடுப்பு தொங்கிவிடும். 1895-ல் ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் சொன்ன அந்தச் சோதனையை இன்றும் மருத்துவர்கள் செய்கிறார்கள். நடக்கும்போது பெரும்பாலான நேரம் நாம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம் என்பது நமக்கே தோன்றுவதில்லை. இருப்பதிலேயே பெரிய தசையான பிட்டத் தசையோ, சமதரையில் நடக்கையில் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஓடினால், ஏறினால், எழுந்தால்தான் அதற்கு விடியும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பின் முன்பக்கம் ஒட்டியிருக்கும் தசை, குதிகால் தரையில் பட்டதும் பாதத்தைப் பொத்தென்று விழவிடாமல் இறக்குகிறது. அதற்குப் போகும் நரம்பு முழங்காலுக்கு வெளிப்புறத்தில் எலும்பைச் சுற்றித் தோலுக்கடியிலேயே ஓடுகிறது. வெகுநேரம் கால்மேல் கால் போட்டு அது நசுங்கினால் பாதம் தொங்கி, நடையில் தப்புத்தப்பென்று சத்தம் கேட்கும்.

நரம்பு என்றதும் உங்கள் கடைசிக் கேள்வி. தமிழில் இந்தச் சொல் எல்லா இடத்திலும் புகுந்து வரும். கையில் நரம்பு புடைத்தது என்றால் ரத்தக்குழாய். குதிகால் நரம்பு என்றால் தசைநாண். யாழின் நரம்பு என்றால் தந்தி. இரவில் உங்களைச் சுண்டி இழுப்பது இவை எதுவும் அல்ல, தசை. கெண்டை மீன் மாதிரி இருப்பதால் கெண்டைக்கால் என்று பெயர் வைத்தார்களே, அந்த மீன்தான் துள்ளுகிறது.

அங்கே இரண்டு அடுக்கு. மேலே இரட்டை மடலாகத் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ், முழங்காலுக்கு மேலே ஆரம்பிக்கிறது. அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ், முழங்காலுக்குக் கீழே. இரண்டும் குதிகாலில் ஒரே நாணாகச் சேர்கின்றன. நாம் நிற்கும்போது எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுவதால், முகம் குப்புற விழாமல் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பது சோலியஸ்தான். இந்த இரண்டும் இறுகித் தளரும்போது சிரை ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. வெகுநேரம் ஆடாமல் விறைத்து நிற்பவர்கள் மயங்கி விழுவது இந்தப் பம்பு நின்றுபோவதால்.

உங்கள் தொடைவலியும் இந்தச் சுண்டி இழுப்பும் ஒன்றல்ல. இது தசை கேட்காமல் முழுவதும் சுருங்கி, விட மறுப்பது. நீட்டினால் விடும். ஆனால் முழங்காலை மடக்கிக்கொண்டு பாதத்தை இழுத்துப் பயனில்லை, மேல் தசை முழங்கால் பக்கம் தொய்ந்துவிடும். முழங்காலை நன்றாக நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள். கையால் மட்டுமல்ல, காலின் சொந்த பலத்தாலும். முன்பக்கத் தசை இழுக்கும்போது, பின்பக்கத்தைத் தளரச் சொல்லித் தண்டுவடம் உத்தரவு போடும்.

இரண்டு எச்சரிக்கை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ, கடும் உழைப்புக்குப்பின் சிறுநீர் கறுப்பாகப் போனாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மறுபடி மலைக்குப் போகும் எண்ணம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இரண்டு வாரம் முன்னால் ஒருநாள் பத்து மாடிக் கட்டடம் ஏதாவது கிடைத்தால் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள், நாலைந்து தடவை. கொஞ்சம் வலிக்கும். ஒருமுறை இப்படி இழுபட்டுச் சீரான தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாகச் சேதமாவதில்லை. லிஃப்டில் ஏறி நடந்து இறங்கும் ஆளைப் பார்த்து யாராவது சிரித்தால், நாற்காலிச் சோதனையை அவர்களுக்கும் செய்து காட்டுங்கள்.