வேலியில் கட்டிய சாக்கு

அன்புள்ள ஐயா,

பாலக்காடு பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியில், பழங்குடிகள் வாழும் மலைப்பகுதியான அட்டப்பாடியில் 300 குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கலாமா, மரக்கன்று நடலாமா என்று முடிவு செய்யும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். பணத்தை மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டுமாம். அப்பாவிடம் சொன்னேன். "சோறு போடுவதில் என்னடா யோசனை?" என்கிறார். எனக்கென்னவோ இரண்டிலுமே மனம் ஒட்டவில்லை. கொடை பசியையும் மண்ணையும் சேர்த்துக் கவனிக்க முடியாதா?

ரா., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ரா.,

உங்கள் அப்பா சொல்வது சரி. பசித்தவர் வாசலில் நிற்கும்போது கணக்குப் பார்க்கக் கூடாது. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. வருகிறவரிடம் அங்கே யாரும் விண்ணப்பம் கேட்பதில்லை. உங்கள் குழுவின் கையில் இருப்பதோ 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. மூன்றாண்டு லாபச் சராசரியில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்வது அது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பசியும் ஊட்டச்சத்துக் குறைவும் முதல் இனம், சுற்றுச்சூழல் நான்காவது இனம். அரிசியா, கன்றா என்று உங்களைக் கேட்க வைத்தது இந்தப் பட்டியல்தான்.

2013-இல் அட்டப்பாடியில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அரிசி ஏற்றிய வேன் ஒன்றில் நானும் ஆனைகட்டி வழியாகப் போனேன். இறந்தவற்றில் பல எடை குறைந்து பிறந்தவை. தாய்மார்கள் ரத்தசோகையில் வெளுத்திருந்தார்கள். ரேஷன் அரிசி அதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது. இல்லாமல் போனது ராகியும் சாமையும் துவரையும் காட்டுக்கீரையும். நிலம் கைமாறியது, காடு வறண்டது, மிஞ்சிய துண்டில் விதைத்தால் யானையும் பன்றியும் விடுவதில்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூட்டைகளை இறக்கினோம், படம் எடுத்துக்கொண்டோம், இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம்.

சில ஆண்டுகள் கழித்து அதே ஊருக்குப் போனேன். (இருளர்கள் தங்கள் குடியிருப்பை 'ஊர்' என்றுதான் சொல்வார்கள்.) சரிவில் அரை ஏக்கர் ராகி. சுற்றிலும் மூங்கில் குச்சி நட்டுப் பழைய புடவைகளையும் வெள்ளைச் சாக்குகளையும் கட்டியிருந்தார்கள். ஒரு சாக்கில் எங்கள் அறக்கட்டளைத் தலைவரின் கூப்பிய கையும் சிரித்த முகமும். காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "பன்றி மிரளும்" என்றார், காவலுக்கு உட்கார்ந்திருந்த பாட்டி. நாங்கள் கொடுத்ததில் அவர்களுக்கு நெடுநாள் உழைத்தது அந்தச் சாக்குதான்.

எது தேவை என்று கொடுப்பவரே முடிவு செய்வது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு வந்த தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூரைப் போலவே பாலக்காடும் இருந்தது. அதே ஃபோர்டும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் 1960-இல் பிலிப்பைன்சில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர். 8 ரகத்தைத் தந்தது. அந்த நெல்லின் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். நன்றி மறந்து பேச மாட்டேன். ஆனால் விதை, உரம், மருந்து, கடன் என்று கட்டிவந்த அந்தப் பொட்டலத்தில் மேட்டுநிலத்துச் சாமைக்கு இடமில்லை. மண்ணும் தண்ணீரும் தரப்போகும் விலையையும் யாரும் அதில் எழுதவில்லை.

இன்னும் கிட்டத்தில், உங்கள் சித்தூர் வட்டத்திலேயே பிளாச்சிமடை. 2000-இல் அங்கே தொடங்கிய கோகோ கோலா ஆலை தன் கழிவுச் சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தது. கிணறுகள் கெட்டு, 2002-இல் அந்த ஊர்ப் பழங்குடிப் பெண் மயிலம்மாவும் மற்றவர்களும் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்த பிறகு, 2003-இல் பி.பி.சி. அந்தச் சேற்றைச் சோதிக்கக் கொடுத்தது. காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் இருந்தன. 2004-இல் ஆலை நின்றது. கேரள அரசு அமைத்த குழு 2010-இல் இழப்பை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. உரம் வந்து இறங்கியபோது வேண்டாம் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

குழுவில் முதலில் மார்ச் அவசரத்தை நிறுத்துங்கள். தொடர் திட்டம் என்று எழுதினால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் நடத்தச் சட்டமே இடம் தருகிறது. மழைக்கு முன்னால் ஓர் ஊர்க்கூட்டத்துக்குப் போய்ப் பெண்கள் உட்காரும் பக்கமாக உட்காருங்கள். வேலி கேட்பார்கள் என்று நினைக்கிறேன். வேலிக்குப் பணம் கொடுக்க யாரும் முன்வருவதில்லை. படத்தில் எடுப்பாக இருக்காது. காட்டில் வாழ்பவர்களின் நில உரிமையை ஏற்கும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலைக் கேட்டாலும் கேட்பார்கள். மரம்தான் என்றால் எந்த மரம் என்று அவர்களே சொல்லட்டும். அரிசிதான் வேண்டும் என்றால் அரிசியே கொடுங்கள். அங்கே போய் ராகியின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

சாக்கில் மட்டும் யார் படமும் வேண்டாம். போன மழைக்காலத்தில் போயிருந்தேன். பன்றிகள் அதற்குப் பழகிவிட்டன.