மார்கழிப் பனி, தை மழை: டெல்டாக்காரங்க கேட்ட கேள்விகள்

போன ரெண்டு வாரமா போன்லயும் டீக்கடையிலயும் கேட்டதையெல்லாம் சேத்து வச்சு இன்னிக்கு எழுதுறேன். ஒரே கேள்வியை அஞ்சாறு பேரு கேட்டிருந்தா ஒண்ணா போட்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

ஆரஞ்சு அலர்ட்னு டிவியில சொன்னாங்க. வயலை வடிச்சு விட்டுட்டு உக்காந்திருந்தேன், ஒரு சொட்டு இல்ல. நாலு மைல் தள்ளி ஏழு சென்டிமீட்டராம். எதை சார் நம்பறது? (கூத்தாநல்லூர் பக்கம்)

அலர்ட் மாவட்டத்துக்கு குடுக்கறதுங்க, உங்க வரப்புக்கு இல்ல. கலரை விட்டுட்டு அந்த வாக்கியத்தை முழுசா கேளுங்க. "ஓரிரு இடங்களில்"னு சொன்னா அந்த வட்டாரத்துல இருக்கிற மழைமானியில கால்வாசிக்குள்ள தான் பெய்யும்னு அர்த்தம், "ஒருசில இடங்களில்"னா பாதி வரைக்கும், "அநேக இடங்களில்"னா முக்கால்வாசி வரைக்கும், "பெரும்பாலான இடங்களில்"னா அதுக்கும் மேல. அப்ப "ஓரிரு இடங்களில் கனமழை"னு வாசிச்சா நாலுல மூணு பேருக்கு கனமழை கிடையாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க, நம்ம காதுல "கனமழை" மட்டும் தான் விழுது.

அப்புறம் கனமழைங்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. காலை 8.30லேர்ந்து மறுநாள் காலை 8.30 வரைக்கும் 64.5 மில்லிமீட்டர் தொட்டா தான் கனமழை, 115.6 தாண்டினா மிக கனமழை, 204.4க்கு மேல போனா அதிகனமழை. ராத்திரி முழுக்க சொட்டு சொட்டா தூறி காலைல பாத்தா ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்காது, ஆனா நாம ஊரெல்லாம் "செம மழை"ன்னு சொல்லிட்டு திரிவோம். ஒரு சென்டிமீட்டர் மழைன்னா ஏக்கருக்கு ஏறக்குறைய 40,000 லிட்டர், அதாவது ஒரு மாவுக்கு (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) பதிமூணாயிரம் சொச்சம். பக்கத்து ஊருக்கு விழுந்த ஏழு சென்டிமீட்டரை இப்ப பெருக்கிப் பாத்துக்குங்க.

நீங்க வடிச்சு விட்டது தப்பில்ல. கதிர் பால் புடிச்சு முத்துற நேரம்னா நஷ்டம் ஒண்ணும் இல்ல. நேத்து தான் யூரியா போட்டீங்கன்னா அது வடிஞ்ச தண்ணியோட போயிருக்கும், அதுக்கு நான் வருத்தப்படுறேன்.

கார்த்திகை முடிஞ்சுடுச்சு, இனிமே மழை இல்லன்னு பெரியவங்க சொல்றாங்க. சரியா?

இந்த ஒரு பேச்சு தான் டெல்டாவுல நிறைய நெல்லை முளைக்க வச்சிருக்கு. பழமொழி என்ன சொல்லுதுன்னா "கர்ணனுக்கு மிஞ்சின கொடை இல்ல, கார்த்திகைக்கு மிஞ்சின மழை இல்ல". எங்க தாத்தா இப்படித்தான் சொல்வாரு, மிஞ்சினன்னா அதை விட பெருசுன்னு அர்த்தம். அதையே சில பேரு "கார்த்திகைக்குப் பிறகு மழை இல்ல"ன்னு மாத்தி சொல்லி சொல்லி அதுவே கணக்காயிடுச்சு.

2021 ஜனவரியில என்ன ஆச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க, பொங்கலுக்கு அறுக்கலாம்னு இருந்த சம்பா அத்தனையும் தண்ணில படுத்துச்சு, அந்த வருஷம் வடகிழக்கு பருவமழை ஜனவரி நடுவுக்கு அப்பறம் தான் விலகுச்சு. அடுத்து 2023 பிப்ரவரி முதல் வாரம், தை மாசத்துல வங்கக்கடல்ல ஒரு காற்றழுத்த தாழ்வு மண்டலம் இலங்கையை ஒட்டி வந்து திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சாவூர் நாலு பக்கமும் சாய்ச்சுட்டு போச்சு. அப்ப தான் நெல் கொள்முதல்ல 17 சதவீதமா இருந்த ஈரப்பத வரம்பை 20 வரைக்கும் தளர்த்தினாங்க. நானும் அன்னிக்கு ரோட்டோரம் நெல்லைக் கொட்டி படுதா போட்டு காவல் காத்தவன் தான், படுதாவுக்கு அடியில கைய விட்டா அடுப்பு மாதிரி சுட்டுச்சு.

காரணம் இதாங்க. ஜனவரியில மழை மேகம் கூடுற பட்டை தெக்கே பூமத்திய ரேகைப் பக்கம் எறங்கிடும், அதனால தாழ்வுப் பகுதி உருவானாலும் இலங்கைக்கு கீழயே போயிடும், நமக்கு வெறும் பனியும் வாடைக்காத்தும் தான். ஆனா சில வருஷம் அது கொஞ்சம் வடக்க ஏறி வரும். எல்லா வருஷமும் வராது, வர்ற வருஷம் கதிர் முத்தி நிக்கிற நேரமா பாத்து வரும்.

80 சதவீதம் பழுத்திருக்கு, மிஷின் நாளைக்கு வரேங்கறாரு, மூணு நாள்ல மழைன்னு சொல்றாங்க. அறுக்கவா விடவா? (ஒரத்தநாடு)

காய வைக்க இடம் இருக்கா, அதை முதல்ல சொல்லுங்க. களமோ, காஞ்ச தரையோ, ரெண்டு நாள் வெயிலோ இருந்தா அறுத்துடுங்க, கதிர்ல அஞ்சுல நாலு மணி வைக்கோல் நிறத்துக்கு வந்துட்டா போதும், அடியில இருக்கிற பச்சைக்காக காத்திருந்தா மேல இருக்கிறது கொட்டும். இடம் இல்லன்னா, டிபிசி (நேரடி நெல் கொள்முதல் நிலையம்) வாசல்ல குவிச்சு வச்சுட்டு மழையில நிக்கப் போறீங்கன்னா, அறுக்காம விடுறது மேல். நட்டுக்கிட்டு நிக்கிற கதிர் நனைஞ்சாலும் காத்துல உலர்ந்துடும், குவிச்ச ஈர நெல்லு சூடேறி நிறம் மாறி ரெண்டு மூணு நாள்ல முளை விட்டுடும்.

இது சாயாத பயிருக்கு தான். பொன்மணி மாதிரி கட்டையா நிக்கிற ரகம் தாங்கும். மாப்பிள்ளை சம்பா ஒரு நல்ல காத்துக்கே படுத்துடும், அதை போட்டவங்க முந்திக்கணும். சிஆர் 1009 சப் 1 ரகம் வெள்ளத்தை தாங்கும்னு சொல்றது இளம் பயிர்ல, ஏறக்குறைய ரெண்டு வாரம் மூழ்கியிருந்தா தாங்கும்னு. முத்தின கதிர் தண்ணில கெடந்தா எந்த ரகமும் முளைக்கத்தான் செய்யும், இதை சில பேரு குழப்பிக்கிறாங்க.

மழைக்கப்பறம் அறுக்கறதா இருந்தா டயர் வண்டி எறங்காது, பெல்ட் வண்டி தான், வாடகை ஏறும், நேரமும் ஜாஸ்தி புடிக்கும். அந்தக் காசையும் கணக்குல சேத்து முடிவு பண்ணுங்க.

காலைல எட்டு மணி வரைக்கும் எதிர்ல ஆள் தெரியல, அவ்வளவு பனி. பிபிடி நெல்லு போட்டிருக்கேன், கதிர் வந்திருக்கு. ஏதாவது அடிக்கணுமா?

பிபிடின்னு சொன்னதும் எனக்கு பயம் வருது. பூஞ்சையால வர்ற குலைநோய்க்கு சீக்கிரம் விழற ரகம் அது. மேகம் இல்லாத வானம், அசையாத காத்து, ஈர வயல், இது மூணும் சேந்தா ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்து பனிமூட்டம் கட்டும், அதனால தான் மழை விட்ட மறு ரெண்டு மூணு நாள் பனி ஜாஸ்தியா இருக்கும். இலையில ராத்திரி புடிச்ச ஈரம் காலைல பத்து மணி வரைக்கும் காயாம கெடந்தா அந்த பூஞ்சைக்கு கல்யாண சாப்பாடு.

கதிர் கழுத்துல கறுப்பா ஒரு வளையம் தெரிஞ்சா அது கழுத்து குலைநோய். வெள்ளைக்கதிரா நின்னு, புடிச்சு இழுத்தா சுலபமா உருவிக்கிட்டு வந்தா அது குருத்துப்பூச்சி. இதை பாக்காம கடைக்காரர் குடுத்த டப்பாவை அடிச்சா காசு தான் போகும். இனிமே தழைச்சத்து போடாதீங்க, அடுத்த வயல்ல கரும்பச்சையா இருக்குன்னு பொறாமையும் படாதீங்க. கறுப்பு வளையம் தெரிஞ்சா ஒரு செடியை புடுங்கிக்கிட்டு வேளாண் அலுவலரை பாத்துட்டு வந்து மருந்து வாங்குங்க. பூ எடுக்கிற நேரம்னா காலைல அடிக்கவே கூடாது, சாயங்காலம் மூணு மணிக்கு மேல வச்சுக்குங்க.

பூ எடுக்கும்போது மழை பெஞ்சா எல்லாம் சாவியா (மணி புடிக்காத பதரா) போயிடுமா?

எல்லாம் போகாது. ஒரு கதிர்லயே பூ ஒரு வாரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா திறக்கும், அதுவும் பெரும்பாலும் காலை ஒம்பதுலேர்ந்து பதினொண்ணுக்குள்ள. சாயங்கால மழை பெருசா ஒண்ணும் பண்ணாது. காலைல விடாம நாலு நாள் பெஞ்சா தான் சாவி கூடும்.

உளுந்து எப்ப தெளிக்கலாம்? மழை பயம் இருக்கு.

நெல் அறுப்புக்கு ஏழுலேர்ந்து பத்து நாள் முன்னாடி, நிக்கிற பயிருக்குள்ளயே தெளிக்கலாம், மண்ணு மெழுகு பதத்துல இருக்கணும், மிதிச்சா கால் புதையக் கூடாது, தடம் விழணும். அஞ்சு நாள் முன்னறிவிப்புல நல்ல மழைன்னு இருந்தா தள்ளிப்போடுங்க, தெளிச்ச விதை மேல தண்ணி நின்னா அழுகிடும், மறுபடி விதை வாங்க நாய் படாத பாடு. அதுக்காக மாசி வரைக்கும் இழுக்காதீங்க, பூ புடிக்கிற நேரம் வெயில்ல மாட்டிக்கும்.

நம்ம ஊரு உளுந்து மண்ணுல மிச்சம் இருக்கிற ஈரத்துலயும் பனியிலயும் வளர்றது, அதனால மத்தவங்க திட்டுற தைப்பனியை உளுந்துக்காரங்க திட்டக் கூடாது. பூக்கும்போது 2 சதவீத டிஏபி கரைசல், ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாளே ஊறவச்சு வடிகட்டி 200 லிட்டர் தண்ணில, 15 நாள் கழிச்சு இன்னொரு தடவை. பனி காஞ்சப்பறம் தான் தெளிக்கணும்.

செய்தியில "கிழக்கு திசை காற்றின் வேக மாறுபாடு காரணமாக"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்களே, அப்படின்னா என்ன?

கடல்லேர்ந்து வர்ற கொண்டல் காத்து எல்லா இடத்துலயும் ஒரே வேகத்துல வராது. வேகமா வர்ற காத்து முன்னாடி மெதுவா போற காத்து மேல முட்டினா அந்த இடத்துல குவிஞ்சு மேல ஏறும், மேகம் கட்டும். கல்யாண வீட்டு வாசல்ல கூட்டம் முண்டுற மாதிரி. புயல் சின்னம் ஒண்ணுமே இல்லாம கரையோரம் அதிகாலையில திடீர்னு கொட்டுதே, அது பெரும்பாலும் இதனால தான். இந்த மழையை ரெண்டு மூணு நாள் முன்னாடி ஊர் பேரு சொல்லி சொல்ல முடியாது, காரைக்கால் ரேடார் படத்தை அன்னிக்கு காலைல பாக்கறது தான் வழி.

லா நினா வருஷம்னா நமக்கு மழை கம்மின்னு யூடியூப்ல சொல்றாரு ஒருத்தர்.

பாதி உண்மை. பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடானா எல் நினோ, குளிர்ந்தா லா நினா. தென்மேற்கு பருவமழைக்கு எல் நினோ ஆகாது, நம்ம ஐப்பசி கார்த்திகை மழைக்கு அது பெரும்பாலும் நல்லது, லா நினா கொஞ்சம் இழுபறி. 2015 எல் நினோ, கொட்டித் தீத்துச்சு. 2016ல பசிபிக் லா நினா பக்கம் சாஞ்சிருந்துச்சு, பருவமழை பொய்த்து டெல்டா காஞ்சுது. சரி, கணக்கு ஒத்து வருதேன்னு நெனச்சா 2021ம் லா நினா தான், அந்த வருஷம் அளவுக்கு மேல பெஞ்சு தீத்துச்சு. பசிபிக் கடலை பாத்து நாத்து விடாதீங்க, மேட்டூர்ல எத்தனை அடி இருக்குன்னு பாருங்க.

கர்ப்போட்டம் பாக்கறீங்களா? இந்த வருஷம் மேகம் எப்படி?

சிரிக்காதீங்க, பாக்கறேன். மார்கழியில சூரியன் பூராடத்துல இருக்கிற அந்த பதினாலு நாள் மேகம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு எங்க அப்பா கரித்துண்டால செவுத்துல கோடு போட்டு வைப்பாரு, நான் நோட்டுல எழுதறேன். அடுத்த வருஷம் பெஞ்ச மழையோட சேத்து வச்சு பாத்தா சில வருஷம் ஒத்து வந்திருக்கு, சில வருஷம் தலைகீழா இருக்கு. காசு பணம் போடுற முடிவு எதையும் அதை வச்சு நான் எடுத்ததில்ல. ஆனா தினம் வானத்தை பாத்து எழுதற பழக்கம் இருக்கே, அது நல்ல பழக்கம். கூடவே ஒரு மழைமானி வாங்கி கொல்லையில மரத்துக்கு தள்ளி வச்சுடுங்க, உங்க ஊரு கணக்கு உங்ககிட்டயே இருக்கும்.

எந்த ஆப் பாக்கறது?

மேக்தூத்ல மாவட்ட வாரியா முன்னறிவிப்போட பயிர் ஆலோசனையும் செவ்வாய், வெள்ளி வருது. இடிக்கு தாமினி. மழை மேகம் கருக்கும்போது வயல்ல மம்பட்டியோட நிக்காதீங்க, அது மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன்.

நாங்க கடைமடை, தலைஞாயிறு பக்கம். அஞ்சு சென்டிமீட்டர் பெஞ்சாலே ஒரு வாரம் தண்ணி வடிய மாட்டேங்குது. மேல இருக்கிறவங்களுக்கு ரெண்டே நாள்ல வடியுது.

உங்களுக்கு வானிலை அறிக்கையோட நாள்காட்டியும் வேணும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி கடல் ஏத்தம் ஜாஸ்தியா இருக்கும், நம்ம கரையில அது பெரிய உயரம் இல்ல தான், ஆனா உங்க நிலம் மேசை மாதிரி தட்டையா இருக்கறதால கொஞ்சம் ஏறினாலே வடிகால் தண்ணி எதிர்த்துக்கிட்டு நிக்கும். அதோட வடகிழக்குக் காத்தும் கடலை கரைப்பக்கம் தள்ளும். பத்தாததுக்கு மேல வடிஞ்சது எல்லாம் உங்க பக்கம் தான வரும். அதனால மேல உள்ளவங்களுக்கு மஞ்சள் அலர்ட்னா உங்களுக்கு அதை ஆரஞ்சா எடுத்துக்குங்க, அமாவாசையோட சேந்து வந்தா ஒரு நாள் முன்னாடியே வரப்பை வெட்டி விட்டுடுங்க. கடல் வத்தற நேரம் பாத்து மடை திறந்தா தான் தண்ணி எறங்கும், ஏத்தத்துல திறந்தா உப்பு உள்ள வரும். வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சிருக்கான்னு இப்பவே நாலு பேரா போய் பாத்துடுங்க, மழை ஆரம்பிச்சப்பறம் அதுல எறங்க ஆள் கிடைக்காது.