தண்டால் மட்டும் எடுத்தால் முதுகுக்கு யார் வேலை கொடுப்பது?

கேள்வி: வயது 36. நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. தினமும் 30 தண்டால் எடுக்கிறேன். ஆனாலும் மேல்முதுகில் வலுவே இல்லை. கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் ஒன்றுகூட வரவில்லை. ஜிம்முக்குப் போக வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தண்டால் தள்ளுகிற பயிற்சி. மார்புக்கும் கையின் பின்பக்கத்துக்கும் நல்ல வேலை. இழுக்கிற முதுகுத் தசைகள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இன்வெர்ட்டட் ரோ; அதாவது கம்பிக்கு அடியில் மல்லாந்து சாய்ந்து, மார்பைக் கம்பிக்கு இழுப்பது. மல்லாந்து போட்ட தண்டால் என்று வைத்துக்கொள்ளுங்களேன். குதிகால் தரையில் இருப்பதால், புல்-அப் போல முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை.

பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ அசையாத கம்பி ஒன்றைப் பாருங்கள். நெஞ்சு உயரத்தில் இருந்தால் ஆரம்பிக்கச் சுலபம். கம்பி இறங்க இறங்க எடை கூடும். தோள் அகலத்தைவிடச் சற்றுத் தள்ளிப் பிடித்து, தலை முதல் குதிகால் வரை பலகை மாதிரி பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். முழங்கையை மடக்கும் முன், முதுகில் சிறகு போலிருக்கும் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னுக்கு இழுங்கள். முதல் நாள் வீட்டில் யாரையாவது அந்த இரண்டுக்கும் நடுவே விரலை வைக்கச் சொல்லுங்கள். அந்த விரலை நசுக்கப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கை மடங்கி மார்பு கம்பிக்கு வரணும். தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. மார்பு வராமல் தாடையை மட்டும் நீட்டிக் கம்பியைத் தொடுவார்கள் பலர். அதெல்லாம் கணக்கில் சேராது. இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணி இறங்குங்கள். மறுநாள் கை மட்டும் வலித்து முதுகில் ஒன்றுமே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் கையால்தான் இழுத்திருக்கிறீர்கள்.

எட்டு முறை, மூன்று செட், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இடுப்பு தொய்ந்தால் அந்த செட் அங்கேயே முடிந்தது. மூன்று செட்டிலும் 12 வந்த பிறகு, இடுப்பு உயரக் கம்பிக்கு இறங்கலாம்.

வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கனமான மர மேசை என்றால் சரி, ஆனால் முதலில் உட்கார்ந்தபடி இழுத்துப் பார்த்து, அது கவிழாது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணாடி, பிளாஸ்டிக் மேசைகள் பக்கமே போகாதீர்கள். கழுத்திலிருந்து கைக்கு வலி இறங்கினாலோ விரல் மரத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.